பேக்ப்ளேட், ஹார்னஸ், விங்: பெங்களூரு டைவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பெங்களூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஓர் இரவுப் பயணம். அப்படியிருந்தும் இங்கே ஸ்கூபா பழகும் தமிழர்கள் நிறையப் பேர். வார இறுதியில் நீச்சல் குளம், மூன்று நாள் லீவு கிடைத்தால் புதுச்சேரி அல்லது முருடேஸ்வர் போய் நேத்ராணி தீவு, ஆண்டுக்கு ஒரு முறை அந்தமான் என்று போய்க்கொண்டிருப்பவர்கள். இவர்கள் சொந்தமாகச் சாமான் வாங்க ஆரம்பிக்கும்போது ஒரே சந்தேகங்கள்தான் மாறி மாறி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது.

இங்கே சொல்வதெல்லாம் ஒற்றை சிலிண்டர், நம் பக்கத்து வெதுவெதுப்பான கடல், 3 மி.மீ. வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை) என்ற கணக்கில். குளிர்ந்த நீர், ட்ரைசூட், குகை டைவிங் எல்லாம் வேறு கணக்கு. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

பேக்ப்ளேட், ஹார்னஸ், விங்னு தனித்தனியா சொல்றீங்களே, மூணும் என்னென்ன?

பேக்ப்ளேட் என்பது முதுகில் உட்காரும் வளைந்த உலோகத் தகடு. ஹார்னஸ் அந்தத் தகட்டின் துளைகள் வழியே கோத்து உங்களைத் தகட்டோடு கட்டும் 5 செ.மீ. அகலப் பட்டை. விங் என்பது தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மாட்டும் காற்றுப்பை. வாடகைக்குக் கிடைக்கும் ஜாக்கெட் பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்க அணியும் காற்றுச் சட்டை) இந்த மூன்று வேலையும் ஒரே துணியில் தைத்திருக்கும். இங்கே மூன்றும் தனித்தனி. கிழிந்தால் கிழிந்ததை மட்டும் மாற்றலாம், உடம்பு மாறினால் பட்டையை மட்டும் மாற்றிக் கட்டலாம்.

சிலிண்டரைப் பிடிப்பது அதைச் சுற்றி இறுக்கும் கேம் பேண்டு என்ற இரண்டு பட்டைகள். சில விங்குகளில் அவை நுழைய வழி இருக்கும். இல்லையென்றால் நடுவில் ஒற்றை சிலிண்டர் அடாப்டர் என்ற சிறு உலோகத் துண்டு தேவைப்படும். வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அதற்குத் தனி விலை, தனி எடை.

வாடகை ஜாக்கெட்டிலேயே நல்லா டைவ் பண்றேனே. எதுக்கு மாறணும்?

மாறியே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. ஆண்டுக்கு நான்கைந்து டைவ் செய்பவருக்கு, உடம்புக்குப் பொருந்துகிற ஜாக்கெட் போதும். ஆனால் அடிக்கடி போகிறவருக்கு மூன்று வித்தியாசங்கள் உடனே தெரியும். காற்று முதுகுப் பக்கம் மட்டும் இருப்பதால் உடம்பு கிடைமட்டமாக நிற்பது எளிது. காற்றை நிரப்பினாலும் நெஞ்சும் வயிறும் இறுகாது. தகடு முதுகோடு ஒட்டியிருப்பதால் சிலிண்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடாது.

இன்னொன்று ஜாக்கெட்டின் பஞ்சும் துணியும். அவை தாமே மிதக்கும். அந்த மிதப்பை அமுக்க ஒரு கிலோ போல ஈயத்தை இடுப்பில் சேர்க்க வேண்டியிருக்கும். தகட்டில் பஞ்சு இல்லை, அந்த ஈயமும் வேண்டாம்.

இது டெக்னிக்கல் டைவர்களுக்கு மட்டும்தானே? நான் ஓப்பன் வாட்டர் இப்பதான் முடிச்சேன்.

பிறந்தது குகை போன்ற கடினமான இடங்களில் செய்யும் டெக்னிக்கல் டைவிங்கில்தான். 1970களின் கடைசியில் ஃப்ளோரிடா குகைகளில் டைவ் செய்தவர்கள் இரட்டை சிலிண்டரைச் சுமக்க இந்தத் தகட்டைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒரே நீளப் பட்டையில் ஹார்னஸ் கட்டும் முறைக்கு, அங்கே டைவ் செய்த வில்லியம் ஹோகார்த் மெயின் பெயரால் ஹோகார்த்தியன் என்ற பெயர் நிலைத்தது.

அதற்காக ஓப்பன் வாட்டர் என்ற முதல் பயிற்சி முடித்த ஆரம்ப நிலைக்காரர் போடக் கூடாது என்று பொருள் இல்லை. இன்ஃப்ளேட்டரில் காற்று ஏற்றும் பொத்தானும் விடும் பொத்தானும் நீங்கள் பழகிய அதே இடத்தில்தான் இருக்கும். பழக்கம் ஊறுவதற்கு முன்னால் மாறுகிறவர்களுக்கு எளிதாகவே வருகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீல் தகடா, அலுமினியமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க சார்.

அந்தமானுக்கு விமானத்தில் போகிறவருக்கு அலுமினியம். நேத்ராணிக்கும் புதுச்சேரிக்கும் காரிலோ ரயிலிலோ போகிறவருக்கு, அதுவும் ஈயம் அதிகம் கட்டுகிறவராக இருந்தால், ஸ்டீல். ஆனால் காரணம் தெரிந்தால்தான் உங்கள் விஷயத்தில் நீங்களே முடிவெடுக்க முடியும்.

சாதாரண 3 மி.மீ. ஸ்டீல் தகடு சுமார் 2.7 கிலோ. ஸ்டீல் தண்ணீரைவிட எட்டு மடங்கு அடர்த்தி என்பதால், கடலுக்குள் அதன் எடையில் எட்டில் ஒரு பங்குதான் குறையும். மீதி 2.3 கிலோ போல உங்களைக் கீழே இழுக்கும், அதாவது அவ்வளவு ஈயத்துக்குச் சமமான வேலை செய்யும். அலுமினியத் தகடு சுமார் 0.9 கிலோ. அதன் அடர்த்தி குறைவு, ஆகவே கடலுக்குள் அரை கிலோவுக்குச் சற்று மேல்தான் இழுக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ ஈயம்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். ஜாக்கெட், 3 மி.மீ. வெட்சூட், அலுமினிய சிலிண்டர் போட்டு எத்தனை கிலோ ஈயம் கட்டுகிறீர்கள்? ஐந்து கிலோவோ அதற்கு மேலோ என்றால் ஸ்டீல் தகடு பெரிய நிம்மதி. பாதி ஈயம் இடுப்பிலிருந்து முதுகுக்குப் போய்விடும், அதுதான் எடை இருக்க வேண்டிய இடம். மூன்று கிலோதான் கட்டுகிறீர்கள், அல்லது ராஷ் கார்டோடு மட்டும் இறங்குகிறீர்கள் என்றால் ஸ்டீல் வாங்காதீர்கள். தகடு ஒன்றே உங்கள் தேவையை மிஞ்சிவிடலாம், அதைக் குறைக்க வழியே கிடையாது. அலுமினியத்தில் எடை போதவில்லை என்றால் டைவ் சென்டரில் ஈயம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

6 மி.மீ. ஸ்டீல் தகடும் உண்டு, ஐந்து கிலோவுக்குப் பக்கம் வரும். குளிர் நாட்டுக்காரர்களுக்கானது. நம் கடலில் அதற்கு வேலை இல்லை.

விமானத்துல 15 கிலோதானே விடறாங்க? இவ்வளவு இரும்பை எப்படிக் கொண்டுபோறது?

உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ செக்-இன் என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. ஸ்டீல் தகடு, ஹார்னஸ், அடாப்டர், விங் எல்லாம் சேர்ந்தால் ஐந்து கிலோவை ஒட்டி வரும். அலுமினியத் தகட்டோடு அடாப்டர் வேண்டாத விங் என்றால் மூன்று கிலோவுக்குள் முடியும், இது பல ஜாக்கெட்டுகளைவிடக் குறைவு. தகடு தட்டையானது, பெட்டியின் அடியில் படுக்க வைத்து மேலே துணி அடுக்கிவிடலாம். தகட்டைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு முறையும் திறந்து காட்டி விளக்க வேண்டிவரும். டைவ் கத்தி செக்-இன் பெட்டிக்குள், டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பைக்குள். இதை மாற்றி வைத்துவிடாதீர்கள்.

உலோகமே இல்லாத துணித் தகடுகளும் பயணத்துக்கென்றே விற்கின்றன. எடை இன்னும் குறையும். ஆனால் சிலிண்டரை அசையாமல் பிடிக்கும் குணம், அதாவது நீங்கள் இதற்கு மாறிய காரணம், அவற்றில் கொஞ்சம் குறைவு. அரை கிலோவுக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

எத்தனை கிலோ தூக்குற விங் வாங்கணும்? பெருசா வாங்கினா பாதுகாப்புதானே?

இங்கேதான் அதிகம் பேர் காசை வீணாக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விங் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்.

முதல் வேலை, நீங்கள் கழற்றிவிட்ட பிறகும் முழு சிலிண்டரோடு மொத்தச் சாமானும் தண்ணீரில் மிதக்க வேண்டும். நம் டைவ் சென்டர்களில் கிடைப்பது பெரும்பாலும் எஸ்80 என்கிற 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர். நிரம்பியிருக்கும்போது கடலில் முக்கால் கிலோ போல இழுக்கும். மூச்சு இழுக்கும் கருவியான ரெகுலேட்டர் ஒரு கிலோ என்று வையுங்கள். ஸ்டீல் தகடு 2.3, பக்கிளும் வளையங்களும் அரை கிலோ, தகட்டோடு கட்டிய ஈயம் இரண்டு கிலோ. கூட்டினால் ஆறரை கிலோ. அலுமினியத் தகடு என்றால் ஐந்துக்குள்.

இரண்டாவது வேலை, டைவின் போது மாறிக்கொண்டே இருக்கும் எடையை ஈடுகட்டுவது. 200 பார் அழுத்தத்தில் காற்று 11.1 லிட்டரில் அடைந்தால் 2,200 லிட்டருக்கு மேல். காற்று லிட்டருக்கு 1.2 கிராம், ஆக சுமார் 2.7 கிலோ. டைவ் தொடங்கும்போது இந்த எடையைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு இறங்குகிறீர்கள். ஆழத்தில் வெட்சூட் நசுங்குவதால் போகும் மிதப்பு 3 மி.மீ. சூட்டுக்கு இரண்டு கிலோ போல. மொத்தம் ஐந்து கிலோவுக்குள்.

அப்படியானால் 12 முதல் 14 கிலோ தூக்கும் விங்கே இரண்டு மடங்கு. பெட்டியில் பவுண்டில் எழுதியிருந்தால் 26 முதல் 30 பவுண்டு. மேற்பரப்பில் தலையை உயர வைத்திருக்கவும், பக்கத்தில் ஒருவர் களைத்துப் பிடித்துக்கொண்டால் தாங்கவும் இதில் இடம் இருக்கிறது. 18, 20 கிலோ விங் வாங்கினால் தேவையில்லாத துணி சிலிண்டரின் இருபக்கமும் மடிந்து தொங்கும். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடும். மேலே ஏறும்போது அதை வெளியேற்ற நேரம் பிடிக்கும். வேகமாக ஏறிவிடுவதுதான் டைவிங்கில் பெரிய ஆபத்துகளில் ஒன்று, ஆகவே பெரிய விங் பாதுகாப்பு என்பது தலைகீழ் நினைப்பு. உங்களுக்கு இதைவிடப் பெரிய விங் தேவைப்படுகிறது என்றால், ஈயத்தை அதிகமாகக் கட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஈயம் சரியா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நீச்சல் குளத்துல சரி பண்ணினா கடலுக்கும் சரியா வருமா?

வராது. கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனம். நீங்களும் சாமானும் சேர்ந்து 90 கிலோ என்றால், குளத்தில் சரியாக இருந்ததைவிடக் கடலில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் தேவைப்படும்.

சோதனையை டைவின் முடிவில் செய்யுங்கள். சிலிண்டரில் 50 பார் மிச்சம், ஆழம் 5 மீட்டர், விங்கில் காற்று அநேகமாக இல்லை. அந்த நிலையில் மூச்சை அமைதியாக இழுத்து விட்டு அசையாமல் நிற்க முடிந்தால் ஈயம் சரி. எஸ்80 காலியாகக் காலியாக மிதக்க ஆரம்பிக்கும், கடைசியில் ஒன்றரை கிலோவுக்கு மேல் மேலே இழுக்கும். டைவின் தொடக்கத்தில் சோதித்தால் ஏமாற்றுவது இதனால்தான்.

டோனட்டா, குதிரை லாடமா?

விங்கின் வடிவத்தைக் கேட்கிறார்கள். ஒற்றை சிலிண்டருக்கு முழு வட்டமான டோனட். காற்று வட்டமாகச் சுற்றி வரும், ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு உடம்பைச் சாய்க்காது. லாட வடிவமும் வேலை செய்யும், காற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுவர உடம்பைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். விங்கைச் சுற்றி ரப்பர் கயிறு கட்டியது, உள்ளே இரண்டு காற்றுப்பை வைத்தது என்றெல்லாம் விற்கிறார்கள். ஒற்றை சிலிண்டருக்கு இரண்டும் வேண்டாம்.

ஜாக்கெட்டுல தோள்ல ஒரு கயிறு இழுத்தா காத்து போகும். இதுல எப்படி விடறது?

நிமிர்ந்து நிற்கும்போது இன்ஃப்ளேட்டர் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பொத்தானை அழுத்துவது, இது உங்களுக்குத் தெரிந்ததே. கிடைமட்டமாக இருக்கும்போது விங்கின் கீழ்ப்பக்கம், இடது இடுப்புக்குப் பின்னால் ஒரு வால்வு இருக்கிறது. அதன் கயிற்றில் ஒரு குமிழ் தொங்கும். இடுப்பை லேசாக உயர்த்தி, கயிற்றைச் சிறிது சிறிதாக இழுங்கள். காற்று எப்போதும் உயரமான இடத்துக்கு ஓடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நிமிர்ந்து நின்றுகொண்டு கீழ் வால்வை இழுத்தால் ஒன்றும் நடக்காது.

ஒரே பட்டைல கட்டற ஹார்னஸ் நல்லதா, தோள்ல க்விக் ரிலீஸ் பக்கிள் வெச்சது நல்லதா?

பெரும்பாலானவர்களுக்கு ஒரே பட்டை. மூன்றரை மீட்டர் சொச்சம் பட்டை, ஒரு ஸ்டீல் பக்கிள், சில டி-வளையங்கள், அவற்றை நிறுத்த உலோகத் தடுப்புகள். உடைவதற்கு அதில் பிளாஸ்டிக் எதுவும் கிடையாது. ஒருமுறை உங்கள் உடம்புக்கு அளந்து வைத்துவிட்டால் ஒவ்வொரு டைவிலும் அதே இடத்தில் உட்காரும்.

தோள்பட்டையில் அடிபட்டவர்கள், கையைப் பின்னால் மடக்க முடியாதவர்கள் க்விக் ரிலீஸ் வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. ஒரே ஹார்னஸை வீட்டில் இருவர் மாற்றி மாற்றிப் போடுவதாக இருந்தாலும் அதுதான் வசதி. ஆனால் பலர் இதைக் கேட்பது ஒரே பட்டை இறுக்கமாக இருக்கும், கழற்ற வராது என்ற பயத்தில். அந்தப் பயத்துக்கு அடுத்த கேள்வியில் பதில் இருக்கிறது.

அந்தமான்ல சின்னப் படகு. தண்ணிலயே கழற்றிக் குடுக்கச் சொல்றாங்க. ஒரே பட்டைன்னா எப்படிக் கழற்றுவேன்?

வரிசை தெரிந்தால் எளிது. விங்கில் காற்றை நிரப்புங்கள். தனியாக வெயிட் பெல்ட் இருந்தால் அதை முதலில் படகுக்காரர் கையில் கொடுங்கள். இடது இடுப்பு வளையத்தில் மாட்டிய பிரஷர் கேஜை அவிழுங்கள். இடுப்புப் பக்கிளைத் திறந்தால் அதில் கோத்திருக்கும், கால் நடுவே வரும் கவட்டுப் பட்டை தானாக விடுபடும். பிறகு இடது முழங்கையை மடக்கிப் பட்டைக்குள்ளிருந்து உருவுங்கள். சாமான் முழுவதும் வலப்பக்கம் சுழன்று முன்னால் வரும், வலது கை தானே வெளியே வந்துவிடும். ரெகுலேட்டர் கடைசி வரை வாயில் இருக்கட்டும்.

இது வரவில்லை என்றால் தோள்பட்டை இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். தளர்த்த வேண்டும். பெங்களூரில் இருக்கும்போதே குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை பழகிவிடுங்கள்.

அளவு எப்படி வைக்கிறது? கடைக்காரர் கட்டிக் குடுத்தாரு, ஆனா தோள் வலிக்குது.

கடையில் டி-ஷர்ட்டின் மேல் கட்டிய அளவு கடலில் சரியாக வராது. வெட்சூட்டைப் போட்டுக்கொண்டு வீட்டில் பொறுமையாக உட்காருங்கள், முதல் தடவை ஒரு மாலைப்பொழுது போய்விடும். தகட்டின் மேல் விளிம்பு, கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினால் விரல் நுனியில் தட்டுப்படும் உயரத்தில் இருக்கட்டும். அதைவிட மேலே போனால் சிலிண்டர் வால்வு தலையில் இடிக்கும், கீழே இறங்கினால் வால்வை எட்ட முடியாது. தோள்பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும். தோள் வலிக்கு முக்கால்வாசிக் காரணம் இங்கே இறுக்கிக் கட்டுவதுதான். சாமானைப் பிடித்து நிறுத்துவது இடுப்புப் பட்டையும் கவட்டுப் பட்டையும், தோள் அல்ல.

நெஞ்சு வளையங்கள் அக்குள் மடிப்பின் உயரத்தில். இடுப்பு வளையம் இடது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால். பக்கிள் நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, கவட்டுப் பட்டையில் உரசாதபடி. நாலைந்து டைவ் முடியும்வரை மிச்சப் பட்டையை வெட்டாதீர்கள். வெட்டிய பிறகு நுனியை லைட்டரில் உருக்கி அடைத்துவிடுங்கள்.

கால் நடுவுல போற பட்டை கண்டிப்பா வேணுமா? சங்கடமா இருக்கு அண்ணா.

வேண்டும். அது இல்லாவிட்டால் மேற்பரப்பில் விங் மேலே எழும், நீங்கள் கீழே தொங்குவீர்கள், பட்டைகள் அக்குளில் அறுக்கும். தலைகீழாக இறங்கும்போது சிலிண்டர் கழுத்துப் பக்கம் சறுக்கும். சங்கடம் பெரும்பாலும் இறுக்கத்தால் வருவது. நின்றுகொண்டு சரி பார்க்காமல், இடுப்பை வளைத்து நீந்தும் நிலையில் பாருங்கள். அப்போது தளர்வாகப் படிந்தால் போதும். வெயிட் பெல்ட் கட்டுகிறவர்கள் அதைக் கவட்டுப் பட்டைக்கு வெளியே கட்ட வேண்டும். உள்ளே கட்டினால் அவசரத்தில் அவிழ்த்தாலும் விழாது.

பொண்ணுங்களுக்கு இது சரிப்படுமா? நான் அஞ்சடிதான்.

நன்றாகவே சரிப்படும், ஜாக்கெட்டைவிட. ஜாக்கெட்டில் சிறிய அளவு வாடகைக்குக் கிடைப்பதே சிரமம், கிடைத்தாலும் நெஞ்சில் அழுத்தும். இங்கே தோள்பட்டைகளை மார்பின் வெளிப்பக்கமாகக் கொண்டுபோகலாம், குறுக்கே நெஞ்சுப் பட்டை தேவையே இல்லை. உயரம் குறைந்தவர்களுக்கெனக் குட்டையான தகடுகள் உண்டு, முதுகு நீளம் குறைவு என்றால் அதை வாங்குங்கள். நீளத் தகட்டின் அடி விளிம்பு இடுப்பெலும்பில் இடித்துக்கொண்டே இருக்கும். உடம்பு எடை குறைந்தவர்களுக்கு ஈயத் தேவையும் குறைவாக இருப்பது வழக்கம், ஸ்டீலா அலுமினியமா என்ற பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

விங் மேல வந்ததும் முகத்தைத் தண்ணிக்குள்ள தள்ளுமாமே?

காற்று முதுகிலும் ஈயம் வயிற்றுப் பக்கமும் இருக்கும்போது, விங்கை முட்ட முட்ட நிரப்பினால் முன்னால் சாயும். இது உண்மை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள், காலை முன்னால் நீட்டி நாற்காலியில் சாய்வது போல் பின்னால் சாயுங்கள். ஈயத்தில் ஒரு பகுதி முதுகுப் பக்கம் போனால் இந்தத் தொல்லை அநேகமாக மறைந்துவிடும்.

நினைவிழந்தவரின் முகத்தை மேலே திருப்பி வைக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். விங் மட்டுமல்ல, ஜாக்கெட்டும் அதற்கு உத்தரவாதம் தராது. பிசிடி எதுவும் உயிர்காப்பு மிதவை அல்ல. கூட வந்தவர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும், அதனால்தான் ஜோடியாக இறங்குகிறோம்.

விங் மாத்தியும் கால் கீழ போயிட்டேதான் இருக்கு. என்ன பண்றது?

முதலில் உடம்பு. முழங்காலை மடக்கி, பிட்டத்தை இறுக்கி, தலையை நிமிர்த்திப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையா, இடுப்பில் இருக்கும் ஈயத்தில் ஒரு கிலோவை மேல் கேம் பேண்டில் கோக்கும் சிறு பைக்கு மாற்றுங்கள். சிலிண்டரை இரண்டு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டினாலும் கால் எழும். கனமான ரப்பர் ஃபின் போடுகிறீர்களா என்றும் பாருங்கள். ஒரு டைவில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஸ்டீல் தகட்டை அவசரத்துல கழற்றிப் போட முடியாதே. விங் கிழிஞ்சா என் கதி?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. 30 மீட்டரில், டைவின் ஆரம்பத்தில், விங் முழுவதும் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்பு போட்ட கணக்குப்படி, ஈயம் சரியாகக் கட்டியவர் காற்றின் 2.7 கிலோவும் நசுங்கிய வெட்சூட்டின் இரண்டு கிலோவும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து கிலோ கனமாக இருப்பார். காலால் உதைத்தே இதைத் தூக்குவது திடகாத்திரமானவருக்கும் கடினம்தான். இரண்டு கிலோ ஈயத்தைக் கழற்றிவிட முடிந்தால் முடியும். ஏற ஏற வெட்சூட் விரிந்து வேலை இலகுவாகும்.

ஆகவே விதி இதுதான்: மொத்தத் தேவையில் இரண்டு கிலோவாவது கழற்றக் கூடியதாக இருக்கட்டும். ஸ்டீல் தகடு போட்ட பிறகும் இரண்டு கிலோ ஈயம் தேவைப்படுகிறவர் கவலைப்பட வேண்டாம். ஸ்டீலோடு ஈயமே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தவர் அலுமினியத்துக்கு மாறி, மிச்சத்தை இடுப்பில் கழற்றும்படி கட்டட்டும். இதையும் மீறி ஒரு துணை வேண்டும் என்றால் மேற்பரப்பு அடையாள மிதவை ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். அதில் காற்றை ஊதி மேலே விட்டு, அதன் கயிற்றைப் பிடித்து ஏறலாம்.

பீன்யால லேசர் கட்டிங் பண்றவர் தெரிஞ்சவர். தகட்டை நானே வெட்டிக்கலாமா?

வெட்டலாம். தகட்டில் காற்றழுத்தம் எதுவும் இல்லை, அது ஒரு வளைத்த உலோகத் துண்டுதான். 304 அல்ல, 316 ஸ்டீல் கேளுங்கள், உப்புநீரைத் தாங்குவது அது. போல்ட் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 28 செ.மீ. இருக்க வேண்டும், உலகம் முழுவதும் விங்குகள் இந்த அளவுக்குத்தான் செய்யப்படுகின்றன. முதுகு வளைவை பிரஸ் ப்ரேக்கில் வளைக்கச் சொல்லுங்கள். பட்டை நுழையும் துளைகளின் விளிம்பை விரலால் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும். கூர்மை இருந்தால் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும்.

பை தைக்கும் மெல்லிய நைலான் பட்டையை வாங்கி மிச்சம் பிடிக்காதீர்கள், தோளில் சுருண்டு கயிறாகிவிடும். டைவிங்குக்கென்று வரும் விறைப்பான பட்டையே வேண்டும். விங்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் செய்யாதீர்கள்.

ரெண்டு மீட்டர் ஹோஸும் வாங்கணுமா?

இதற்காக வாங்க வேண்டியதில்லை. உங்களிடம் இருக்கும் ரெகுலேட்டரும் ஆக்டோபஸும் (ஜோடிக்காரருக்கான உபரி மூச்சுக் கருவி) அப்படியே மாட்டும். அவசரத்தில் மற்றவருக்குக் காற்று கொடுக்க உதவும் 2.1 மீட்டர் ஹோஸ் நல்ல முறைதான், ஆனால் அதைத் தனியாக ஒருவரிடம் கற்றுக்கொண்டு மாறுங்கள்.

எங்க அபார்ட்மெண்ட்ல போர்வெல் தண்ணிதான். கழுவினா போதுமா?

உப்பை முதலில் போக்க அது போதும். ஆனால் நம் ஊர் போர்வெல் தண்ணீர் கடினமானது, காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். இன்ஃப்ளேட்டர் பொத்தானுக்குள் அப்படிப் படிந்தால் பொத்தான் சிக்கும், அழுத்தாமலே காற்று ஏறத் தொடங்கும். கடைசி அலசலைக் காவிரித் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ செய்யுங்கள். விங்குக்குள்ளும் குழாய் வழியே தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்துவிட வேண்டும், கடல்நீர் உள்ளேயும் போயிருக்கும். குளத்தில் பழகிய பிறகும் இதே கவனம் வேண்டும், குளோரின் துணிக்குக் கெடுதல்.

நிழலில் காயவைத்து, பாதி காற்று ஏற்றி, தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் நேத்ராணி மூடிக் கிடக்கும் மாதங்களில் மடித்துப் பரணில் போட்டுவிடாதீர்கள். அலுமினியத் தகட்டில் ஸ்டீல் போல்ட் தொடும் இடத்தில் அரிக்கும், அங்கே கழற்றித் துடையுங்கள்.

செகண்ட் ஹேண்ட் விங் ஒண்ணு வருது. வாங்கலாமா?

தகட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பட்டை நைந்திருந்தால் மாற்றிவிடலாம். விங்கை மட்டும் ஓர் இரவு வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முழுதாக ஊதி வையுங்கள், காலையில் தளர்ந்திருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் தடவி வால்வுகளிலும் தையலிலும் குமிழி வருகிறதா பாருங்கள். தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மாட்டி நசுங்கிய இடத்தில்தான் ஓட்டை முதலில் விழும். வெளித்துணி, உள்ளே தனிப் பை என்று இரண்டு அடுக்கு உள்ள விங் என்றால் பையை மட்டும் மாற்றலாம். ஒரே அடுக்கு என்றால் முடியாது. அந்த வித்தியாசத்தை விலையில் கேளுங்கள்.

வாங்கின கையோட அந்தமான் போறேன். முதல் டைவ்லயே போடலாமா?

குளத்தில் ஒரு முறையாவது போட்டுக் கழற்றிப் பழகாமல் வேண்டாம். அந்தமானிலும் முதல் டைவை டிக்சன்ஸ் பினாக்கிள் போல ஆழமும் நீரோட்டமும் உள்ள இடத்தில் வைக்காதீர்கள். ஆழம் குறைந்த, மணல் தரையுள்ள இடத்தில் ஒரு டைவ் கேளுங்கள், காரணத்தைச் சொன்னால் நல்ல டைவ் சென்டர் மறுக்காது. கேம் பேண்டுகளை நனைத்த பிறகு இறுக்குங்கள், நைலான் நனைந்தால் தளரும்.

இறங்கும் முன் ஜோடிக்காரருக்கு உங்கள் சாமானைக் காட்டுங்கள். அவர் ஜாக்கெட் பழகியவராக இருந்தால் நெஞ்சில் கிளிப்பைத் தேடுவார், இதில் அது கிடையாது. இடுப்பில் ஒரே பக்கிள், திறந்தால் கவட்டுப் பட்டையும் சேர்ந்து விடுபடும், தோள்பட்டையை வெட்டத்தான் வேண்டும் என்றால் கத்தி இந்த இடத்தில் இருக்கிறது, காற்று விடும் வால்வு இடது இடுப்புக்குப் பின்னால், ஈயம் இந்தப் பக்கம். அவர் கையாலேயே பக்கிளை ஒரு முறை திறந்து மூடச் சொல்லுங்கள், அப்புறம் இறங்குங்கள்.